காணாமல் போன ப்ராஸ்டேட்

“எங்க டாடியோட உறுப்பு ஒண்ணு காணாமப் போயிருக்கு மேடம்” என்றாள் ஜோவிதா.

துப்பறியும் ரோஹிணியின் அலுவலகம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. கீழே மெஷின் ஓடினால் மேலே மேஜை நடுங்கும். பதினோரு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, போதும் சாமி என்று தனியாக வந்தவள் அவள். நகை, நாய், நிச்சயமான மாப்பிள்ளை என்று காணாமல் போனவை பல அவளிடம் வழக்காக வந்திருக்கின்றன. உறுப்பு இதுதான் முதல் தடவை.

“எந்த உறுப்பு?”

ஜோவிதா கதவைப் பார்த்தாள். கதவோரம் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஷாகுலையும் பார்த்தாள். ஷாகுல் ரோஹிணியின் உதவியாளன். முப்பத்தாறு வயது, பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய வாய்.

“ப்ராஸ்டேட்” என்றாள் மெதுவாக.

“கடைசியா எங்க பாத்தீங்க?” என்றான் ஷாகுல்.

ரோஹிணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் பஜ்ஜிக்குத் திரும்பினான்.

ஜோவிதா கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தாள். அவளுடைய அப்பா அசரியா, அறுபத்து மூன்று வயது, ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். அம்மா மெட்டில்டா. வீடு பீர்க்கன்கரணை. மூன்று வாரத்துக்கு முன்னால் பெற்றோரின் முப்பத்தைந்தாவது திருமண நாளுக்குப் பட்டுச் சேலை எடுத்துக் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. இந்தக் காலத்துப் பெண் அல்லவா, இரண்டு பேருக்கும் முழு உடல் ரத்தப் பரிசோதனையைப் பரிசாகக் கொடுத்தாள்.

“இதப் பாருங்க. பி.எஸ்.ஏ. ப்ராஸ்டேட் சுரக்கிற ஒரு பொருள். கான்சர் இருந்தா ஏறும்னு இந்த டெஸ்ட் எடுப்பாங்க. டாடிக்கு ஏறவே இல்ல. 0.01க்கும் கீழன்னு போட்டிருக்கு. அதாவது சுத்தமா இல்ல.”

“நல்லதுதானே?”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் நெட்ல தேடினேன். ஆபரேஷன் பண்ணி ப்ராஸ்டேட்டை மொத்தமா எடுத்தவங்களுக்குத்தான் இப்படி வருமாம்.” அவள் குரல் இறங்கியது. “ஜனவரியில எங்க பெரியப்பாவோட முதல் வருஷ ஜெபக் கூட்டத்துக்கு டாடி மட்டும் நாசரேத் போனாரு. நீங்க யாரும் வர வேணாம்னுட்டாரு. ஒன்பது நாள். திரும்பி வந்தப்போ பாதியா இளைச்சிருந்தாரு. அவருக்குக் கான்சர் வந்து, எங்களுக்குத் தெரியாம ஆபரேஷன் பண்ணிக்கிட்டாரு மேடம். பெரியப்பாவும் அதுலதான் போனாரு.”

“அவர்கிட்டயே கேட்டீங்களா?”

“திரும்ப ஒரு தடவை ரத்தம் கொடுங்க டாடின்னு மட்டும் கேட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை போதும்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு. எனக்கு உண்மை தெரிஞ்சாகணும். இன்னும் எத்தனை நாள் இருக்காருன்னு தெரியாம எதிர்ல உட்கார்ந்து தோசை சாப்பிட முடியல.”

ஷாகுல் பஜ்ஜியைக் கீழே வைத்தான். அவன் அப்படிச் செய்வது அபூர்வம்.

டாக்டர் பஷீராவின் சின்ன லேப் ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்தது. பஷீரா, ரோஹிணியின் இன்சூரன்ஸ் காலத்துத் தோழி. ரிப்போர்ட்டை மூக்குக்கருகே வைத்துப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“பி.எஸ்.ஏ. தனி ஆள் இல்ல ரோஹிணி. கல்லிக்ரீன்னு ஒரு என்சைம் குடும்பம். பதினஞ்சு பேர். பத்தொன்பதாம் நம்பர் குரோமோசோம்ல ஒரே தெருவுல வரிசையா வீடு கட்டி உட்கார்ந்திருக்காங்க.”

“அண்ணன் தம்பி பதினஞ்சு பேரும் ஒரே தெருவுலயா? வெட்டு குத்து ஆவாதா டாக்டர்?” என்றான் ஷாகுல்.

“வெட்டறதுதான் அவங்க தொழிலே ஷாகுல் பாய். புரோட்டீனை வெட்டுவாங்க. ஒருத்தன் தோல்ல பழசான செல்லை வெட்டி உதிர்ப்பான். ஒருத்தன் குழந்தைக்குப் பல் எனாமல் கெட்டியாக வேலை செய்வான். மூத்தவன் ரத்தக்குழாயைத் தளர்த்தி பிரஷர் ஏறாம பாத்துப்பான். அளவா வெட்டினா நாம நல்லா இருப்போம். ஓவரா வெட்டினா தோல் வியாதி. வெட்டாம சும்மா உட்கார்ந்தா பல்லு மஞ்சளாகி உடையும்.”

“பி.எஸ்.ஏ.?” என்றாள் ரோஹிணி.

“மூணாவது ஆள். ப்ராஸ்டேட்டுல குடியிருக்கான். விந்து கட்டியாகாம தண்ணியா வெச்சிருக்கறது அவன் வேலை.”

ஷாகுல் சுவரிலிருந்த காலண்டரில் ரொம்ப அக்கறையாகத் தேதி பார்த்தான்.

“ப்ராஸ்டேட்டுல கான்சரோ வீக்கமோ வந்தா, அவன் ரத்தத்துக்குள்ள நிறைய கசிவான். ஒண்ணுமே இல்லாத ஆரோக்கியமான ஆம்பளைக்கும் கொஞ்சமாவது கசியும். இப்படித் துடைச்சு வெச்ச மாதிரி வரணும்னா, ஒண்ணு அவன் வீட்டையே இடிச்சிருக்கணும். இல்லன்னா கான்சருக்கு ஹார்மோன் ஊசி போட்டிருக்கணும். ரெண்டும் நல்ல சேதி இல்ல.”

“ஆபரேஷன்னா தழும்பு இருக்குமா?”

“இப்போ எல்லாம் சின்ன ஓட்டை போட்டுத்தான் பண்றாங்க. வயித்துல அஞ்சாறு குட்டித் தழும்பு இருக்கும்.”

வெளியே வந்ததும் ஷாகுல் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் நின்றான். “மேடம், அந்தத் தழும்ப யாரு பாக்கப் போறது?”

“நீதான்.”

“நான் போயி, சார் கொஞ்சம் சட்டையத் தூக்குங்கன்னா, பெரியவரு இன்னா நெனப்பாரு?”

“நீ ஒண்ணும் கேக்க வேணாம். அவர் பி.டி. மாஸ்டர். தினம் காலையில பீர்க்கன்கரணை ஏரிக்கரையில நடக்கறாரு. அவர் கண்ணுல படற மாதிரி இந்தத் தொப்பையோட நில்லு. மீதியை அவரே பாத்துப்பாரு.”

அவள் சொன்னபடியே நடந்தது. மறுநாள் காலை ஆறரை மணிக்கு, கழுத்தில் விசில் தொங்க, நரைத்த மீசையோடு ஏரிக்கரையில் வந்த அசரியா, ஷாகுலின் தொப்பையைக் கண்டதும் பிரேக் போட்டார். முப்பத்தைந்து வருடமாக இரண்டாயிரம் பையன்களை வெயிலில் ஓடவிட்ட மனிதர். கை சும்மா இருக்குமா?

“தம்பி, வயசு என்ன?”

“முப்பத்தாறு சார்.”

“இது எத்தனாவது மாசம்?”

அடுத்த நாற்பது நிமிடத்தைப் பற்றி ஷாகுல் பின்னாளிலும் விரிவாகப் பேசியதில்லை. ஏழே முக்காலுக்கு ரோஹிணி டீக்கடைக்கு வந்தபோது அவன் பெஞ்சில் உட்காரவில்லை, படுத்திருந்தான்.

“அறுபது தடவ உக்காந்து எழுந்தேன் மேடம். கால் என்னுது இல்ல. எங்கயோ கயண்டு விழுந்துட்டுக் கீது.”

“தழும்பு?”

“ஒண்ணும் இல்ல. வயித்த எப்டி இழுத்துப் புடிக்கணும்னு பனியனத் தூக்கிக் காட்டினாரு. சும்மா வழவழன்னு கீது. எறும்பு கடிச்ச தடங்கூட இல்ல. அந்த வயசுல அந்த வயிறு, எனக்கு அயுகையே வந்துச்சு.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்ல. நடுவுல மூணு தடவ மரத்தோரம் ஒதுங்கினாரு. எனக்கு மூச்சு வுட டைம் கெடச்சுது. நல்ல டைம் மேடம், ஏன்னா போன மனுசன் வரவே மாட்டேன்றாரு. நானும் கம்பெனி குடுக்கலாம்னு பக்கத்துல நின்னேன். நான் முடிச்சிட்டு, இங்க வந்து ஒரு டீ குடிச்சிட்டு, திரும்பிப் போறேன். அவரு அப்பதான் ஆரம்பிக்கிறாரு.”

ரோஹிணி டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

“ஷாகுல், வீட்டுக் குழாயில தண்ணி சொட்டுச் சொட்டா வந்தா என்ன அர்த்தம்?”

“மோட்டாரு பேஜார் பண்ணுது.”

“இல்லன்னா வழியில ஏதோ அடைச்சுக்கிட்டு நிக்குது. சிறுநீர் போற குழாயைச் சுத்தித்தான் ப்ராஸ்டேட் உட்கார்ந்திருக்கு. வயசானா அது பெருத்து, குழாயை நெரிக்கும். ப்ராஸ்டேட் இல்லாத மனுஷனுக்கு எது நெரிக்கும்?”

ஷாகுல் எழுந்து உட்கார்ந்தான். கால்கள் திரும்பி வந்துவிட்டன போலிருந்தது.

“அப்போ காணாமப் போன ஆளு?”

“எங்கேயும் போகல. குண்டாகி வாசலை அடைச்சுக்கிட்டு உள்ளேயே இருக்கான். தழும்பும் இல்ல. ஆள் வீட்டுல இருக்கான், ஆனா ரத்தத்துல அவன் வாடையே இல்ல. ஹார்மோன் ஊசியா இருந்தா இப்படி அறுபது உட்கார்ந்து எழ வைக்கிற தெம்பு இருக்குமான்னு எனக்குச் சந்தேகம். ஒரே ஒரு வழிதான் மிச்சம். அது அவரோட ரத்தமே இல்ல.”

“பின்ன யாருது?”

“அது நாளைக்கு. நீ போய், அன்னிக்கு வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்த ஆளைக் கண்டுபிடிச்சு, நாளைக்குச் சாயங்காலம் அவங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வா. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் வீட்டுல இருப்பாங்க.”

ஞாயிறு மாலை ஜோவிதாவின் சிநேகிதி என்று சொல்லிக்கொண்டு ரோஹிணி அந்த வீட்டுக்குப் போனாள். மெட்டில்டா அவளை உட்காரவைத்து கேக்கும் காபியும் கொடுத்தாள். அசரியாவுக்கு ஒரு பெரிய டம்ளர் பீட்ரூட் ஜூஸ் வந்தது. அதை அவர் தண்டனை வாங்கிய பையனைப் போலக் குடித்தார்.

“இவங்களுக்கு ரத்தம் கம்மி. பத்து புள்ளி நாலுதான்” என்றாள் மெட்டில்டா. “இருபது நாளா பீட்ரூட், முருங்கைக்கீரை, இரும்பு மாத்திரைன்னு ஏத்திக்கிட்டு இருக்கேன்.”

“உங்களுக்கு எவ்வளவும்மா?”

மெட்டில்டாவின் முகம் மலர்ந்தது. அந்தக் கேள்விக்காகவே இருபது நாளாகக் காத்திருந்தவள் போலத் தெரிந்தது. உள்ளே போய், லேமினேட் செய்த இரண்டு ரிப்போர்ட்டுகளோடு வந்தாள்.

“எனக்கும் பத்து புள்ளி நாலு. கொலஸ்ட்ராலைப் பாரு. இவங்களுக்கு நூத்தி எண்பத்தெட்டு, எனக்கும் நூத்தி எண்பத்தெட்டு. தைராய்டு, உப்பு, யூரியா, எல்லாமே ஒரே நம்பர். முப்பத்தஞ்சு வருஷம் ஒண்ணா வாழ்ந்து ரத்தமே ஒண்ணாயிடுச்சு. கர்த்தர் செஞ்ச அற்புதம்னு பெண்கள் ஐக்கியக் கூட்டத்துல சாட்சி சொன்னேன். பியூலா அக்கா அழுதுட்டாங்க.”

ஜோவிதா அம்மாவின் ரிப்போர்ட்டை அப்போதுதான் முதல் தடவையாகக் கையில் வாங்கினாள். அப்பாவுடையதை ஐம்பது தடவை படித்தவள் அவள். அம்மாவுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று எல்லா வீட்டிலும் நினைப்பதைத்தான் அவளும் நினைத்திருந்தாள்.

அசரியா பீட்ரூட் ஜூஸை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார். “நான் ஒரு வாக்கிங் போயிட்டு வர்றேன்.”

“உட்காருங்க சார்” என்றாள் ரோஹிணி. “அம்மா, ஊசி குத்தினப்போ உங்க கையில எத்தனை டியூப் எடுத்தாங்க?”

“எட்டு. எனக்கே தலை சுத்திருச்சு. லேடீஸுக்கு டெஸ்ட் ஜாஸ்தின்னு இவங்கதான் சொன்னாங்க. இவங்க முன் ரூம்ல எனக்கு முன்னாடியே கொடுத்துட்டு, பஞ்சை அழுத்திக்கிட்டு வந்தாங்க.”

“பஞ்சு வந்துச்சும்மா. ஊசிதான் வரல.”

ரோஹிணி ஜோவிதாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“பி.எஸ்.ஏ.ங்கிற அந்தக் கல்லிக்ரீன், மெஷினுக்குத் தெரியற அளவுக்குக்கூட இல்லாம போறது ரெண்டு ரகமானவங்களுக்கு. ஒண்ணு, ப்ராஸ்டேட்டுக்கு வைத்தியம் பார்த்து அதை எடுத்தவங்க, இல்ல அடக்கினவங்க. இன்னொண்ணு, பிறக்கும்போதே அது இல்லாதவங்க.”

“ஐயோ பாவம், அப்படியும் பிறக்கறாங்களா? யாரு அது?” என்றாள் மெட்டில்டா.

“நீங்கதான்ம்மா.”

அந்த நேரம் பார்த்து ஷாகுல் உள்ளே வந்தான். அவனுக்குப் பின்னால் லேப் பெயர் போட்ட பையோடு ஒல்லியாக ஒருவன் தலைகுனிந்து நின்றான்.

“இவரு ஜாய்சன், மேடம். ரத்தம் எடுக்கிறவரு. வழியெல்லாம் அயுதுகினே வந்தாரு.”

“நீ எப்படிப்பா இதுக்கு ஒத்துக்கிட்ட?” என்று கேட்டாள் ரோஹிணி.

ஜாய்சன் அசரியாவின் கழுத்தைப் பார்த்தான். அங்கே விசில் இருந்தது. “நான் சாரோட ஸ்டூடண்ட் மேடம். எட்டாவதுலேர்ந்து பத்தாவது வரைக்கும். எட்டு டியூபையும் அவங்ககிட்டயே எடு, நாலுல என் பேரை ஒட்டுன்னாரு. முடியாது சார்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எஸ் சார்னு வந்துருச்சு.”

மெட்டில்டாவுக்கு இப்போதுதான் விஷயம் முழுசாக இறங்கியது. கோபம் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் தவித்து, கடைசியில் ஓர் இடத்தில் போய் நின்றது. “சபையில சாட்சி சொன்னேனே. பியூலா அக்கா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

“அதைவிட முக்கியமா ஒண்ணு இருக்கும்மா” என்றாள் ரோஹிணி. “பத்து புள்ளி நாலு உங்க ரத்தம். இரும்பு மாத்திரை யார் சாப்பிடறாங்க?”

“இவங்களுக்குத்தான் கொடுக்கறேன். நான் வீட்டுல இருக்கிறவ, எனக்குக் கீரையே போதும்னு...” மெட்டில்டா பாதியில் நிறுத்தினாள்.

அசரியா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். மைதானத்துக்கே கேட்கும் குரல் அவருடையது. இப்போது பக்கத்திலிருந்தவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

“எங்க அண்ணன் நல்லா ஓடிக்கிட்டு இருந்தவன். என்னைவிட வேகமா ஓடுவான். இதே டெஸ்ட்டைக் கொடுத்தான். நாப்பத்திரெண்டுன்னு ஒரு நம்பர் வந்துச்சு. அன்னிக்கே படுத்தவன்தான், எழுந்திரிக்கவே இல்ல. ஜனவரியில போய் ஒன்பது நாள் அவன் துணிமணியை எல்லாம் எடுத்துக் கட்டினேன். எனக்குச் சோறே இறங்கல.” மனைவியைப் பார்த்தார். “எனக்கு ஊசி பயம் இல்ல மெட்டி. நம்பர்தான் பயம். நம்பர் வராத வரைக்கும் எனக்கு ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன். உன் மாத்திரையை நான் முழுங்கறேன்னு எனக்குத் தோணவே இல்ல.”

“நம்பர் இல்லாம நீங்க நிம்மதியா இருந்தீங்க டாடி” என்றாள் ஜோவிதா. “நான் மூணு வாரமா உங்களைப் புதைச்சுக்கிட்டு இருக்கேன். டெய்லி.”

அசரியா சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டார்.

“ஜாய்சன், கிட் இருக்கா?”

“எஸ் சார்.”

“எடு.”

ஊசி உள்ளே போன நொடியில் அசரியா, “அசரியா, அட்டென்ஷன்” என்று தனக்குத்தானே உரக்கக் கட்டளை போட்டார். கட்டளைக்குக் கீழ்ப்படிந்து விறைப்பாக எழுந்தார். அதே விறைப்போடு ஷாகுலின் மேல் சாய்ந்தார். அவரைத் தாங்கிய ஷாகுல், தன் தொப்பைக்கு இப்படி ஒரு உபயோகம் இருப்பதை அன்றுதான் அறிந்துகொண்டான்.

இந்தத் தடவை டியூப் நேராகப் பஷீராவின் லேபுக்குப் போனது. மறுநாள் முழுக்க ரோஹிணிக்கு வேறு வேலை ஓடவில்லை. பொய்யான ரிப்போர்ட்டைப் பிடித்தாகிவிட்டது. ஆனால் மெய்யான ரிப்போர்ட்டில் என்ன இருக்குமென்று யாருக்குத் தெரியும்? அண்ணனுக்கு வந்தது தம்பிக்கும் வரலாம். பெருத்துப்போன ப்ராஸ்டேட்டுக்குள் வெறும் வீக்கம்தான் இருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? ஷாகுல்கூட மதியத்திலிருந்து ஜோக் அடிக்கவில்லை. கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓட, மேலே மேஜை நடுங்கிக்கொண்டிருந்தது.

மாலை ஆறேகாலுக்கு ஜோவிதா போன் செய்தாள். ரோஹிணி ஸ்பீக்கரில் போட்டாள். ஓடும் மின்சார ரயிலின் சத்தமும், லேடீஸ் கம்பார்ட்மெண்டின் பேச்சும் சேர்ந்து வந்தன.

“மேடம், பஷீரா டாக்டர் இப்பதான் அனுப்பினாங்க. ரெண்டு புள்ளி ஒன்பது.”

“அப்படின்னா?”

“வயசுக்குச் சரியான அளவுதானாம். வீக்கம் மட்டும்தான் இருக்கும், பயப்படாதீங்க, இருந்தாலும் யூராலஜி டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்கன்னாங்க.” குரல் உடைந்தது. சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. “இருக்கு மேடம். நல்லபடியா இருக்கு.”

ரயிலில் அவளுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பெண்மணி விசாரிப்பது கேட்டது. “ஏம்மா அயுவுற? நல்ல சேதிதானே? இன்னா கொயந்த?”

“ப்ராஸ்டேட்க்கா” என்றாள் ஜோவிதா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அந்தப் பெண்மணி அதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பது கேட்டது.

“கிறிஸ்டின் பேரா?”

“ஆமாக்கா.”

“சொகமா கீதா?”

“ரொம்பச் சுகமா இருக்குக்கா.”

“நல்லா இருக்கட்டும்மா. நூறு வருசம் நல்லா இருக்கட்டும்.”

ஜோவிதா விம்முவது ஸ்பீக்கரில் கேட்டது. ரோஹிணி ஷாகுலைத் திரும்பிப் பார்த்தாள், ஏதாவது சொல்லி வைக்கப் போகிறானே என்று.

“ஆமீன்” என்றான் ஷாகுல்.